எண்ணூரிலிருந்து வந்த ஐந்து ஒன்பது

கடலின் இரைச்சலும் ரேடியோவின் இரைச்சலும் ஒன்றே என்று சின்ன வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் மாமாவின் பெட்டி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் உஸ்ஸென்று இரையும். பெட்டியைத் திருகினால் உள்ளேயும் உஸ்ஸென்று இரையும். வெளியே கிடக்கிற கடலில் கொஞ்சத்தை மொண்டு வந்து மாமா அந்தப் பெட்டிக்குள் ஊற்றி வைத்திருக்கிறார், அதில் தூண்டில் போட்டுத்தான் ஊர் ஆட்களின் குரல்களைப் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

பிள்ளைகளே, இந்த மாமா என் அம்மாவுக்குத் தம்பி. துறைமுகத்தில் கிரேன்களுக்கு எலக்ட்ரீஷியன். வேலை முடிந்து வந்து குளித்து, டீ குடித்து, மாடி ஏறினால் அவர் வேறு ஆள். அந்தப் பெட்டிக்கு ஹாம் ரேடியோ என்று பேர். அதில் பாட்டு வராது, செய்தி வராது. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளத்தான் அது. சும்மா இருக்கிற நாளில் பொழுதுபோக்கு. புயலோ வெள்ளமோ வந்து போன் எல்லாம் செத்துப்போனால், அன்றைக்கு ஊருக்கு அதுதான் வாய். அந்த மாதிரி நாளில் சம்பளம் வாங்காமல் ஓடிப்போய் உட்கார்ந்து சேதி வாங்கிக் கொடுப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. மாமா அதில் ஓர் ஆள்.

இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பேச ஆரம்பித்ததும் முதல் வேலையாக, உங்கள் குரல் இங்கே எப்படி வந்து சேருகிறது என்று எதிராளிக்குச் சொல்ல வேண்டும். பேசுகிறவருக்குத் தன் குரல் அந்தப் பக்கம் எப்படிப் போய் விழுந்தது என்று எப்படித் தெரியும்? கேட்கிறவர்தான் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு எண்கள் வைத்திருந்தார்கள். சொல் எவ்வளவு தெளிவாகப் புரிகிறது என்பதற்கு முதல் எண், அதற்கு உச்சம் ஐந்து. குரல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதற்கு இரண்டாவது, அதற்கு உச்சம் ஒன்பது. ஐந்து ஒன்பது என்றால் எதிரே பாயில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்கிறது என்று அர்த்தம். மூன்று இரண்டு என்றால் கிணற்றுக்குள் இருந்து யாரோ முனகுகிற மாதிரி.

எங்கள் மாமா எல்லோருக்கும் ஐந்து ஒன்பதுதான் கொடுப்பார்.

எண்ணூரில் அவருக்கு ஒரு தோஸ்து இருந்தார். மீனுக்கு ஐஸ் போடுகிற ஃபேக்டரியில் மெக்கானிக். அதனால் நான் அவரை ஐஸ் மாமா என்று கூப்பிடுவேன். மூன்றாவது முறை எழுதித்தான் அவருக்குப் பரீட்சை பாஸானது. பாஸான அன்று ஒரு கூடை நண்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து, மாமாவைக் கட்டிக்கொண்டு அழுதார். ஐஸ் ஃபேக்டரிக் கூரையில் தானே ஓர் ஏரியல் கட்டி, தினம் சாயங்காலம் மாமாவைக் கூப்பிடுவார். அவர் குரல் எங்கள் பெட்டிக்கு வந்து சேரும்போது பாதி இரைச்சலாக இருக்கும். எண்ணூர் கழிமுகத்தையும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குட்டைகளையும் புகைபோக்கிகளையும் எண்ணெய் டாங்கிகளையும் தாண்டி அந்தக் குரல் நடந்தே வருகிறது, வழியில் கால் எல்லாம் சேறாகிவிடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

"எப்டிக் கேக்குது மாமு?" என்று அவர் கேட்பார். அந்த ஒரு கேள்விதான் எங்களுக்குச் சரியாகக் கேட்கும், தினம் கேட்டுப் பழகியதால்.

"அஞ்சு ஒம்போது மாமு! பக்கத்துல குந்திகினு பேசுற மாரி கீது!" என்பார் மாமா.

அதற்குப் பிறகு அவர் என்ன பேசினாலும் மாமா குத்துமதிப்பாகப் பதில் சொல்வார். ஒருநாள் ஐஸ் மாமா நீளமாக ஏதோ சொன்னார். "ரொம்ப சந்தோசம் மாமு, கர்த்தர் ஆசீர்வதிப்பாரு" என்றார் மாமா. மறுநாள்தான் தெரிந்தது, ஃபேக்டரியில் மோட்டார் எரிந்துபோனதாம்.

"மாமா, அவரு பேசுறது ஒண்ணுமே புரியலியே, அப்புறம் ஏன் அஞ்சு ஒம்போது?" என்று கேட்டேன்.

"டேய், அவன் பாவம்டா. பேஜாருபட்டு லைசென்ஸ் வாங்கிகினு வந்துகிறான். ஆசையா ஏரியல் கட்டிகிறான். அவன்கிட்டப் போயி கலீஜா கேக்குதுன்னு சொன்னா மூஞ்சி சுருங்கிடும். ஒரு அஞ்சு ஒம்போது குடுத்தா நம்ம வூட்ல இன்னா கொறஞ்சிடப் போது?"

அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் மாமா பரீட்சை பேப்பர் திருத்தினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு புயல் வந்தது.

எண்ணூரில் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் என்று அம்மா பார்க்கப் போயிருந்தாள். போன மறுநாள் காற்று பிடித்தது. அப்பா கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் டியூட்டியில் மாட்டிக்கொண்டார். வீட்டில் நானும் மாமாவும்தான். செல்போன் எல்லாம் அப்போதே வந்துவிட்டது. ஆனால் டவருக்குக் கரண்ட் இல்லாமல் எல்லாம் ஊமையாகிவிட்டது. மாமா பெட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு மாதா கோயில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டார். என்னை விட்டுவிட்டுப் போக இடமில்லாததால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடத்தில் கீழே முழுக்க, தண்ணீர் புகுந்த வீட்டு ஜனங்கள். மேல் மாடியில் ஒரு வகுப்பறை ரேடியோக்காரர்களுக்கு. அங்கே மாத்தூரிலிருந்து தலை நரைத்த ஒரு டீச்சர் வந்திருந்தார். அவரும் லைசென்ஸ் வாங்கியவர், அன்றைக்கு எல்லாக் குரல்களுக்கும் அவர்தான் தலைமை. யார் எப்போது பேசலாம் என்று அவர் சொன்னால்தான் பேச வேண்டும். குடை, செருப்பு, ரெயின்கோட்டு எல்லாம் நனைந்து கிடந்த அந்த அறையில் அவர் கண்ணாடியை மட்டும் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

எண்ணூர்ப் பக்கத்துக்கு ஆள் ஐஸ் மாமா. முன்னாலேயே பேசி வைத்தபடி, ஃபேக்டரிக் கூரையிலிருந்து தன் ஏரியலை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, ஜனங்கள் ஒதுங்கியிருந்த குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். பேட்டரி தீர்ந்தால் அங்கே சார்ஜ் போட வழியில்லை. அதனால் மணிக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து பேசிவிட்டு, உடனே மூடிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

அம்மா அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாளா, எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. காலையிலிருந்து நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "கூப்டுவான்டா, கேட்டுச் சொல்றேன்டா" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் டீச்சர் ஏதோ சேதி கொடுக்கக் கீழே போயிருந்தபோது பெட்டி கரகரத்தது.

"எப்டிக் கேக்குது மாமு?"

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஆள் உயிரோடு இருக்கிறான் என்கிற சந்தோஷம். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"அஞ்சு ஒம்போது மாமு! சொல்லு, சொல்லு!"

ஐஸ் மாமா சொன்னார். வேக வேகமாகச் சொன்னார். எதிரே உட்கார்ந்து கேட்கிறவனிடம் சொல்வது போல எதையும் இரண்டாம் தடவை சொல்லாமல் சொன்னார். எங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரே இரைச்சல். அதில் "தண்ணி" என்று ஒரு சொல் மிதந்து வந்தது. பிறகு "மாடி" என்று ஒன்று. பிறகு, "ஒங்க அக்கா" என்று ஒன்று. அந்த இடத்தில் மாமா பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டார். அப்புறம் டப்பென்று சத்தம். பேட்டரியை மிச்சம் பிடிக்க ஐஸ் மாமா மூடிவிட்டார்.

"மாமு! மாமு, மறுபடியும் சொல்லு! டேய், ஆஃப் பண்ணாத!"

உஸ்ஸென்ற இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை.

எங்கள் பக்கம் பெட்டி பெரிது, ஏரியல் கட்டிய கம்பம் உயரம். நாங்கள் பேசுவது ஐஸ் மாமாவுக்கு நன்றாகக் கேட்கும். அவர் பெட்டி திறந்திருந்தால்.

டீச்சர் படியேறி வந்தார். "எண்ணூர் வந்தாங்களா? என்ன சொன்னாங்க?"

மாமா பெட்டியின் திருகைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன ரிப்போர்ட் குடுத்தீங்க?"

"அஞ்சு ஒம்போது, டீச்சர்."

டீச்சர் திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "அடுத்த மணிக்குத்தான் இனிமே வருவார், இல்லையா?" என்று மட்டும் கேட்டார். மாமா தலையை ஆட்டினார். சோற்றுப் பொட்டலம் வந்தது. மாமா எனக்குப் பிரித்து வைத்தார். நான் தொடவில்லை.

அந்த நேரம் எப்படிப் போனது என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜன்னல் அருகே பெஞ்சில் படுத்துக்கொண்டேன். வெளியே கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்து கிடந்தன. துறைமுகத்துக் கிரேன்கள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மழையில் நிற்கும் ஒட்டகங்கள் மாதிரி தெரிந்தன. பெட்டி உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருந்தது. கண்ணை மூடினேன். அந்த இரைச்சலுக்குள் நான் இறங்கிப் போவது போல இருந்தது. உள்ளே பச்சையாக, வெதுவெதுப்பாக இருந்தது. மீன்களுக்குப் பதில் சொற்கள் நீந்தின. தண்ணி என்று ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு போனது. மாடி என்று ஒன்று என் முழங்காலை உரசியது. அக்கா என்ற சொல் மட்டும் கைக்கு அகப்படாமல் தூரத்தில் மினுக்கிக்கொண்டே இருந்தது. அதன் பின்னாலேயே அம்மா இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் கையை நீட்டினால் போதும்.

டீச்சர் மெதுவாக, "மணியாகுது" என்று சொன்ன சத்தத்தில் விழித்தேன்.

மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரகரவென்றது.

"எப்டிக் கேக்குது மாமு?"

மாமா மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"மூணு ரெண்டு" என்றார். "கேக்கல மாமு. நீ மின்ன சொன்னது ஒண்ணியும் கேக்கல."

இரைச்சல். பிறகு, அதற்குள்ளிருந்து ஒரு சொல் வந்தது.

"எப்பலேந்து?"

மாமா ஜன்னலைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"மொத நாள்லேந்தே மாமு."

அதற்குப் பிறகு பெட்டியில் வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. அவர் கோபித்துக்கொண்டு மூடிவிட்டார் என்று நினைத்தேன். டீச்சர் பேட்டரி போய்விட்டது என்று நினைத்தார். மாமா என்ன நினைத்தார் என்று தெரியாது. மைக்கை மட்டும் கீழே வைக்கவில்லை. "ஏரியல்ல ஒயர் சேர்ற எடத்தைப் பாரு மாமு, உப்புக் காத்துல பச்சை பூத்திருக்கும், சொரண்டிப் பாரு" என்று திரும்பத் திரும்ப, ஜெபம் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். அது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலேயே சொன்னார்.

திடீரென்று இரைச்சல் விலகியது. ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்ட மாதிரி, ஐஸ் மாமாவின் குரல் பளிச்சென்று வந்து விழுந்தது.

"இப்போ?"

"நாலு ஏழு!" என்று மாமா கத்தினார். "மாமு, நாலு ஏழு! ஒவ்வொண்ணா சொல்லு, ரெண்டு தபா சொல்லு!"

கழிமுகத்துத் தண்ணீர் ஏறிப் பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளம் முழுகிவிட்டது. ஜனங்கள் எல்லாம் மேல்மாடியில். குடிக்கத் தண்ணீர் இல்லை, படகு வேண்டும். ராயபுரத்து அக்காவும் அவள் அக்காவும் அங்கேதான் இருக்கிறார்கள். டீச்சர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டு எழுதிக்கொண்டு, அந்தச் சீட்டோடு படிகளில் ஓடினார். அந்த வயதில் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கீழே யாரோ லாரியில் ஃபைபர் படகுகளை ஏற்றச் சொல்லிச் சத்தம் போட்டது மாடிவரை கேட்டது.

"மாமு, ஒங்க அக்கா பேசணும்னுது" என்றார் ஐஸ் மாமா.

பிறகு அம்மாவின் குரல் வந்தது. பெட்டிக்குள்ளிருந்து அம்மா.

"டேய், அவன் சாப்ட்டானா?"

"சாப்ட்டான் அக்கா" என்றார் மாமா. பொட்டலம் அப்படியே இருந்தது. "நீ எப்டி கீற? உண்மையச் சொல்லு."

"எனக்கு இன்னா, நல்லா கீறேன்." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "உங்க பாசையில இன்னாமோ சொல்வியே, அஞ்சு ஒம்போதுன்னு. அப்டி கீறேன்னு புள்ளகிட்டச் சொல்லு."

அம்மா சொன்னதும் எனக்குப் பசித்துவிட்டது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனேன்.

மறுநாள் மத்தியானம் மழை விட்டு, வெயில் தலைகாட்டியபோது, ஒரு மீன் லாரி தெருமுனையில் நின்றது. அம்மாவை ஐஸ் மாமா கைத்தாங்கலாக இறக்கிவிட்டார். அம்மாவின் வலது கால் முழுக்கத் துணி சுற்றியிருந்தது. யாருடைய கிழிந்த வேட்டியோ.

"இன்னா அக்கா கால்ல?" மாமாவின் குரல் எப்படியோ இருந்தது.

"ஒண்ணியும் இல்ல. லேசா சீவிடிச்சி."

"லேசாவா?" என்றார் ஐஸ் மாமா. "நேத்து நீ சொரண்டச் சொன்ன இல்ல மாமு, ஏரியல அவுக்க மொட்ட மாடிக்கு ஏறினேன். காத்து ஆளயே தூக்குது. பச்சை புடிச்ச எடத்த நா சொரண்டுறேன், அக்காதான் மேல தார்ப்பாய புடிச்சிகினு நின்னுச்சு. கத்தி இல்ல, அக்கா ஊக்கு குடுத்து அதாலதான் சொரண்டினேன். அப்போ எங்கேந்தோ ஒரு ஆஸ்பெஸ்டாஸ் துண்டு பறந்து வந்து..."

"ஏ ஐஸு, வாய மூடு" என்றாள் அம்மா. "வந்தவுடனே ஒப்பாரி வைக்காத. டீ போடுறேன், குந்து."

"நீ குந்து அக்கா, நாங்க போட்டுக்குறோம்" என்று சொன்ன மாமா, டீ போடவில்லை. மாடி ஏறிப் போய்விட்டார். வெகு நேரம் கழித்து இறங்கி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. புயல் காற்றில் நின்றதால் என்று நான் நினைத்தேன்.

சில நாள் கழித்து, ஐஸ் மாமா ஃபேக்டரிக் கூரையில் ஏரியலை மறுபடி கட்டினார். முதல் சாயங்காலம் பெட்டியைத் திறந்ததும் பழைய கேள்வி வந்தது. மாமா கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி கேட்டார்.

"நாலு ஆறு" என்றார்.

"நாலு ஆறா? நெசமா?" அந்தப் பக்கம் ஐஸ் மாமா சிரித்தார், பெட்டியே குலுங்குகிற மாதிரி. "டாங்க்ஸ் மாமு! நாளைக்குக் கம்பத்த இன்னும் ஒரு முழம் தூக்குறேன் பாரு!" ஐந்து ஒன்பது வாங்கிய நாளில் எல்லாம் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. மார்க்கு குறைந்ததற்கு ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷப்படுவானா என்று எனக்கு ஆச்சரியம்.

கீழே இறங்கி வந்தோம். அம்மா குழாயடியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவை வலது காலை ஊன்றும்போதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எங்களைக் கண்டதும் உதட்டை விட்டுவிட்டாள்.

"கால் எப்டி கீது அக்கா?" என்றார் மாமா.

"அஞ்சு ஒம்போது" என்றாள் அம்மா.

மாமா சிரிக்கவில்லை. போய், குடத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. அன்று ராத்திரிச் சோறு சாப்பிடும்போது அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த எண்களை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன். முதல் எண் எதற்கு, இரண்டாவது எதற்கு, எதற்கு ஐந்து, எதற்கு மூன்று, எல்லாம். நொண்டிக்கொண்டு நடக்கிற கால் மூன்று இரண்டு, அதற்கு மேல் ஒரு எண்கூடக் கொடுக்கக் கூடாது என்றேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது நைனா."

"இப்போ சொல்லு, கால் எப்டி கீது?"

அம்மா என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

"அஞ்சு ஒம்போது" என்றாள்.

இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் அம்மாவுக்கு இந்தக் கணக்கு வரவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. நாளைக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, மீனைச் சாப்பிட்டேன்.